மூன்றாவது பிரதி

உங்கள் கைப்பேசியில் 'மாலதி அத்தை' என்று ஒரு பெயர் இருக்கிறது. மடிக்கணினியின் தொடர்புப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கும்படி ஒரு மென்பொருளிடம் சொல்கிறீர்கள். அது என்ன செய்ய வேண்டும்?

நேற்றுதான் அத்தையின் எண்ணைக் கைப்பேசியில் சேர்த்தீர்கள் என்றால், மடிக்கணினியிலும் சேர்க்க வேண்டும். முன்பு இரண்டிலும் இருந்து, இனி வேண்டாம் என்று மடிக்கணினியில் நேற்று அழித்தீர்கள் என்றால், கைப்பேசியிலும் அழிக்க வேண்டும். ஒன்றுக்கொன்று நேர் எதிரான வேலைகள். ஆனால் மென்பொருளின் கண்ணுக்கு இரண்டு நிலைமைகளும் ஒன்றேதான்: இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. எவ்வளவு வேகமான கணினியானாலும், இரண்டு பட்டியல்களையும் எத்தனை முறை ஒப்பிட்டாலும், விடை கிடைக்காது. ஏனென்றால் விடை அந்தப் பட்டியல்களுக்குள் இல்லவே இல்லை.

அது கடந்த காலத்தில் இருக்கிறது. இரண்டு பட்டியல்களும் கடைசியாக ஒத்துப்போன அந்த நேரத்தில் அத்தையின் பெயர் இருந்ததா? இருந்தது என்றால், பிறகு மடிக்கணினியில் யாரோ அழித்திருக்கிறார்கள். இல்லை என்றால், பிறகு கைப்பேசியில் சேர்த்திருக்கிறார்கள். ஆக, இரண்டு பட்டியல்களை ஒத்திசைக்க மூன்று பட்டியல்கள் வேண்டும். கூட்டாக வியாபாரம் செய்யும் இருவர் தனித்தனியே கணக்கு நோட்டு வைத்திருந்தால், உட்கார்ந்து கணக்கை நேர் செய்த நாளில் ஒரு கோடு கிழித்துக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கோடுதான் மூன்றாவது பிரதி. கோட்டுக்குக் கீழே வந்தவை புதியவை. கோட்டுக்கு மேலே அடித்தல் திருத்தல் இருந்தால், அது பின்னால் நடந்தது.

கைப்பேசிக்கும் லினக்ஸ் மடிக்கணினிக்கும் இடையே தொடர்புகளையும் நாள்காட்டியையும் ஒத்திசைப்பது சின்ன வேலையாகத் தோன்றும். நகரும் தகவல் சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. ஆனாலும் முப்பது ஆண்டுகளாகப் பொறியாளர்களைப் பாடுபடுத்திய வேலை இது. அவர்கள் திரும்பத் திரும்பத் தேடிய கேள்வி ஒன்றுதான்: அந்த மூன்றாவது பிரதியை யார் வைத்திருப்பது, எங்கே, எந்த வடிவில்? லினக்ஸை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பெரிய நிறுவனங்களின் கருவிகளில் இந்த வேலை உள்ளே மறைந்து நடக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு உறுப்பையும் திறந்து பார்க்கலாம்.

*

1996 மார்ச்சில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பாம் பைலட், சட்டைப் பைக்குள் அடங்கும் கருவி. அதற்கு முன்பும் கையடக்கக் கருவிகள் வந்து தோற்றிருந்தன. இது வென்றதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால், பெட்டிக்குள்ளேயே வந்த தாங்கிதான் முதற்காரணம். கருவியைத் தாங்கியில் நிறுத்தி அதிலிருந்த ஒரே பொத்தானை அழுத்தினால் போதும், மேசைக் கணினியோடு ஒத்திசைந்துவிடும். அதற்கு ஹாட்சிங்க் என்று பெயர்.

உள்ளே நடந்தது எளிமையானது, அழகானது. ஒவ்வொரு பதிவுடனும் சில பிட்கள் ஒட்டியிருக்கும். ஒரு பிட் 'இது மாற்றப்பட்டது' என்று சொல்லும். இன்னொன்று 'இது அழிக்கப்பட்டது' என்று சொல்லும். நீங்கள் ஒரு பெயரை அழித்தால் அது திரையிலிருந்து மறையும். நினைவகத்தில் அதன் குறிப்பு மட்டும் காத்திருக்கும். அடுத்த ஹாட்சிங்கில் 'இந்தப் பெயர் போய்விட்டது' என்று கணினிக்குச் செய்தி சொன்ன பிறகுதான் முழுமையாக நீங்கும். அழிந்ததன் நினைவாக நிற்கும் இத்தகைய குறிப்பைக் கணினிக்காரர்கள் டூம்ஸ்டோன் என்கிறார்கள். இல்லாமையைத் தெரிவிக்கவும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

ஆனால் ஒரு பிட்டுக்கு ஒரு கூட்டாளியைத்தான் நினைவில் வைக்கத் தெரியும். அலுவலகக் கணினியோடு ஒத்திசைத்ததும் எல்லாப் பிட்களும் பூஜ்யமாகிவிடும். மாலையில் வீட்டுக் கணினி 'என்ன மாறியிருக்கிறது?' என்று கேட்டால், 'ஒன்றுமில்லை' என்று கருவி நேர்மையாகவே பதில் சொல்லும். ஆனால் வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை அது தவறான பதில். பாம் பொறியாளர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். கடைசியாக எந்தக் கணினியோடு ஒத்திசைத்தோம் என்பதையும் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். வேறு கணினி வந்தால் பிட்களை நம்பாமல் பட்டியல் முழுவதையும் ஒப்பிடும். மெதுவான வழிதான், ஆனால் சரியான வழி.

பாமுக்கு லினக்ஸ் மென்பொருளை ஆர்வலர்களே எழுதிக்கொண்டார்கள். பைலட்-லிங்க் என்ற நிரல் தொகுப்பும் அதன்மீது எழுந்த ஜே-பைலட் போன்ற செயலிகளும் பல ஆண்டுகள் அந்தக் கருவிகளைக் காப்பாற்றின.

*

எது கடைசியாக எழுதப்பட்டதோ அதுவே வெல்லட்டும் என்று விட்டுவிடலாமே, நேரத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். பல செயலிகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் நேரத்தைச் சொல்லும் கடிகாரங்கள் இரண்டு. கைப்பேசியின் கடிகாரம் அலைபேசிக் கோபுரத்திலிருந்து நேரத்தைப் பெறும். மடிக்கணினியின் கடிகாரம் பலகையில் உள்ள சிறு மின்கலத்தை நம்பியிருக்கும். ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: விண்டோஸ் உள்ளூர் நேரத்தை அந்தக் கடிகாரத்தில் எழுதும், லினக்ஸ் வழக்கமாக அதை உலகப் பொது நேரமாகப் படிக்கும். இணையத்தோடு சரிபார்க்கும்வரை நம் ஊரில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னே போய் நிற்கும். அந்த இடைவெளியில் திருத்திய பதிவு, எதிர்காலத்திலிருந்து வந்தது போல எல்லாவற்றையும் வென்றுவிடும்.

1978இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டுரை இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டது. பல கணினிகள் சேர்ந்த அமைப்பில் 'முன்', 'பின்' என்பவற்றைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, செய்திப் பரிமாற்றம்தான் தீர்மானிக்கிறது என்று அவர் காட்டினார். ஒரு நிகழ்வின் செய்தி இன்னொன்றை எட்டியிருக்க வாய்ப்பு இருந்தால் முதலாவது முந்தியது. இரண்டுக்கும் இடையே எந்த வழியிலும் செய்தி போயிருக்க முடியாது என்றால், அவற்றில் எது முந்தியது என்ற கேள்விக்கே பொருள் இல்லை.

இதிலிருந்து நடைமுறைக் கருவி ஒன்று பிறந்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லோகஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் 1983இல் வெளியிட்ட முறை அது. ஒவ்வொரு பதிவுடனும், எந்தக் கருவி அதை எத்தனை முறை திருத்தியது என்ற எண்ணிக்கை வரிசை ஒன்று கூடவே போகும். கைப்பேசி 3, மடிக்கணினி 5 என்று இரண்டு இடத்திலும் ஒத்திருந்த பதிவைக் கைப்பேசியில் ஒருமுறை திருத்தினால் 4, 5 ஆகும். மறுபக்கத்தில் 3, 5 அப்படியே இருந்தால் கைப்பேசியின் பதிவு புதியது, தயங்காமல் ஏற்கலாம். ஆனால் மடிக்கணினியிலும் அதற்குள் திருத்தி 3, 6 ஆகியிருந்தால்? ஒன்றில் முதல் எண் பெரிது, மற்றதில் இரண்டாம் எண் பெரிது. எதுவும் எதையும் முழுமையாக மிஞ்சவில்லை. இதுதான் உண்மையான முரண். கடிகாரத்தைப் பார்க்காமலேயே கண்டுபிடித்தாயிற்று.

கண்டுபிடிக்கலாம், தீர்ப்பது வேறு கதை. அத்தையின் புது எண் எது என்பதைக் கணிதம் சொல்லாது.

முரண்கள் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அங்கே 1987இல் அவருடைய குழு தொடங்கிய கோடா என்ற கோப்பு அமைப்பு, வலையிலிருந்து கழற்றிக்கொண்டு போன மடிக்கணினியிலும் வேலை தொடர வேண்டும், திரும்பி வந்து சொருகியதும் மாற்றங்கள் தாமாகச் சேர வேண்டும் என்று முயன்றது. அப்போது இது துணிச்சலான எண்ணம். இருவர் ஒரே கோப்பைத் தனித்தனியே திருத்தினால் என்ன ஆகும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. குழு தங்கள் வளாகத்தின் பொதுக் கோப்பகத்தை அளந்தது. நடந்த திருத்தங்களில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை, அந்தக் கோப்பை அதற்கு முன் திருத்திய அதே நபர் செய்தவை. ஒரு நாளுக்குள் வெவ்வேறு இருவர் ஒரே கோப்பைத் தொட்டுவிடும் வாய்ப்பு அதிகபட்சம் 0.75 விழுக்காடு. பூட்டிப்போட்டுக் காவல் காப்பதைவிட, நம்பி விட்டுவிட்டு அபூர்வமான முரணைப் பின்னால் தீர்த்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு அந்த எண்கள் துணை நின்றன. மெட்ரோவில் சுரங்கத்துக்குள் போகும்போதும் உங்கள் கைப்பேசியில் நாள்காட்டியைத் திருத்த முடிகிறதே, அந்தத் தைரியம் இந்த வழியில் வந்தது.

கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பேயூ என்ற அமைப்பை உருவாக்கியவர்கள் ஒரு படி மேலே போனார்கள். 1995இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டாக வந்தது கூட்ட அறை முன்பதிவு. 'எனக்குப் பத்து மணிக்கு அறை வேண்டும்' என்று மட்டும் எழுதினால் முரண் வரும்போது மென்பொருள் திகைத்து நிற்கும். 'பத்து மணிக்கு வேண்டும். அது போய்விட்டிருந்தால் பதினொன்று. அதுவும் இல்லையென்றால் நாளை' என்று விருப்ப வரிசையையும் பதிவோடு சேர்த்து அனுப்பினால், முரணைத் தீர்க்கும் அறிவும் பதிவோடு பயணம் செய்யும். இன்று நம் கையில் உள்ள எந்த நாள்காட்டியும் இந்த அளவுக்கு வளரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

*

கோட்பாடு இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறை தடுமாறியது. முதலில் ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை சேர்ந்து அமைத்த வெர்சிட் கூட்டமைப்பு 1990களின் நடுவில் விகார்டு, விகேலண்டர் என்ற இரண்டு வடிவங்களை வகுத்தது. ஒரு மனிதரின் பெயர், எண், முகவரி எல்லாம் வரி வரியாக, யாரும் திறந்து படிக்கும்படி எழுதப்பட்ட சாதாரண உரைக்கோப்பு விகார்டு. 1998இல் இது இணையத் தரங்களுக்குள் வந்தது. அதே ஆண்டு நாள்காட்டிக்கு ஐகேலண்டர் என்ற தரமும் வந்தது. இன்றும் ஒரு தொடர்பை ஏற்றுமதி செய்தால் கிடைப்பது விகார்டுதான்.

இந்த வடிவங்களைத் தமிழ் எப்படிச் சோதித்தது என்று பார்ப்போம். ஒருங்குறியில், யூடிஎஃப்-8 முறையில், தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'அம்மா' என்ற சொல்லில் குறிகள் ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். ஆக 15 பைட். கைப்பேசிகள் நெடுங்காலம் பயன்படுத்திய விகார்டு 2.1 வடிவத்தில் ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக விரியும். ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது எழுத்து, அம்மாவுக்கு 45. நீளமான பெயர்கள் பழைய கருவிகளில் பாதியில் அறுந்துபோனதில் வியப்பில்லை.

அடுத்தது வரி மடிப்பு. ஐகேலண்டரில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. நீண்டால் மடித்து அடுத்த வரியில் ஓர் இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். நிகழ்ச்சியின் தலைப்பு வரி ஆங்கிலத்தில் 'சம்மரி' என்ற சொல்லோடும் முக்காற்புள்ளியோடும் தொடங்கும். அதற்கு 8 பைட் போக மீதம் 67. தமிழ்க் குறி 22 எழுதினால் 66 ஆகும். இருபத்துமூன்றாவது குறியின் முதல் பைட் இந்த வரியிலும், மற்ற இரண்டு அடுத்த வரியிலும் விழும். படிக்கும் நிரல் முதலில் வரிகளைச் சேர்த்துவிட்டு எழுத்தாக மாற்றினால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு வரியையும் தனியே எழுத்தாக மாற்றிவிட்டுப் பிறகு சேர்த்தால், அந்தக் குறி சிதைந்து கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். 'கல்யாண ஏற்பாடு' போன்ற குறுந்தலைப்புகள் தப்பிக்கும். கொஞ்சம் விவரமாக எழுதியவர்தான் மாட்டிக்கொள்வார். 2011இல் வந்த விகார்டு 4.0, ஓர் எழுத்தின் பைட்களைப் பிரிக்கவே கூடாது என்று விதித்தது.

பெயரும் ஒரு தொல்லை. விகார்டு ஒரு பெயரை ஐந்து அறைகளாகப் பிரிக்கிறது: குடும்பப் பெயர், இட்ட பெயர், இடைப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. 'மு. கார்த்திகா' என்று ஒரே பெட்டியில் எழுதினால், இடைவெளியைப் பார்த்துப் பிரிக்கும் செயலி 'மு.' என்பதை இட்ட பெயராகவும் கார்த்திகாவைக் குடும்பப் பெயராகவும் வைக்கக்கூடும். இன்னொரு கருவி அதைத் திருப்பிப் போட்டுக் காட்டும். முழுப் பெயரை அப்படியே சொல்ல விகார்டில் தனி வரி ஒன்று உண்டு. ஆகவே முழுப் பெயரையும் இட்ட பெயர் அறையிலேயே எழுதிவிடுங்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. அகர வரிசை ஒழுங்காக வராமல் போகலாம், பெயர் சிதையாது.

*

பொதுமொழி வந்ததும், பேச்சு வழக்கம் ஒன்றும் வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் நோக்கியா, ஐபிஎம், மோட்டோரோலா, பாம் முதலிய நிறுவனங்கள் சிங்க்எம்எல் என்ற நெறிமுறையைத் தொடங்கின. இரண்டு பக்கமும் கடைசி ஒத்திசைவின் அடையாளத்தை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளும். சந்திக்கும்போது இரண்டும் பொருந்தினால் மாற்றங்களை மட்டும் பரிமாறும். பொருந்தாவிட்டால் முழு ஒப்பீடு. பாமின் யோசனையே, கொஞ்சம் முறைப்படுத்தியது.

வீழ்ச்சி வேறு பக்கத்திலிருந்து வந்தது. லினக்ஸ் பக்கம் ஒரு தொடர்புக்கு வீட்டு முகவரி, அலுவலக முகவரி, மூன்று எண்கள், பிறந்த நாள், குறிப்பு எல்லாம் இருக்கும். எளிய கைப்பேசியில் பெயருக்கும் இரண்டு எண்களுக்கும்தான் இடம். கைப்பேசி தனக்குப் புரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். பிறகு அதில் ஓர் எண்ணைத் திருத்தினால், மெலிந்துபோன அந்தப் பதிவு 'திருத்தப்பட்டது' என்ற கொடியோடு மடிக்கணினிக்குத் திரும்பி வந்து முழுப் பதிவின்மேல் எழுதிவிடும். பிறந்த நாளும் முகவரியும் போயே போய்விடும். முழு ஒப்பீடு நடக்கும்போதோ, மெலிந்த பதிவும் முழுப் பதிவும் ஒரே ஆள் என்று அடையாளம் தெரியாமல் இரண்டும் சேரும். ஒவ்வொருவரும் இரண்டிரண்டாக, பிறகு நான்கு நான்காகப் பெருகிய பட்டியல்களைப் பார்த்தவர்கள் இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள். லினக்ஸில் மல்டிசிங்க், ஓப்பன்சிங்க், சிங்க்எவல்யூஷன் போன்ற திட்டங்கள் இதோடு மல்லாடின. ஒவ்வொரு கைப்பேசி மாதிரியும் எந்தெந்த விவரத்தைத் தாங்கும், எதைத் தொலைக்கும் என்று தனித்தனியே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆர்வலர்களின் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

*

விடை வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து, வலைத்தளங்களைப் படிக்க நாம் பயன்படுத்தும் அதே எச்டிடிபியிலிருந்து. 2007 மார்ச்சில் நாள்காட்டிக்கான கால்டாவ், 2011இல் தொடர்புகளுக்கான கார்டாவ் ஆகிய தரங்கள் வெளியாயின. கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. நடுவில் ஒரு சர்வர். ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒவ்வொரு தொடர்பும் அந்தச் சர்வரில் தனி முகவரியுள்ள ஒரு சிறு கோப்பு. ஒவ்வொன்றுக்கும் தான் பிறந்தபோதே பெற்ற நிரந்தர அடையாள எண் உண்டு. ஆகவே இரண்டிரண்டாகப் பெருகும் தொல்லை பெருமளவு ஒழிந்தது.

கோப்பின் உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் மாறும் ஒரு முத்திரையையும் சர்வர் தருகிறது. ஈ-டேக் என்று பெயர். கைப்பேசி கடைசியாகப் பார்த்த முத்திரையை நினைவில் வைத்துக்கொள்ளும். மூன்றாவது பிரதி முழுவதும் சுருங்கி ஒரு முத்திரையாகிவிட்டது. திருத்தத்தை அனுப்பும்போது கைப்பேசி சொல்லும்: 'நான் பார்த்த முத்திரை இன்னும் அப்படியே இருந்தால் மட்டும் இதை ஏற்றுக்கொள்.' இடையில் மடிக்கணினி அதைத் திருத்தியிருந்தால் சர்வர் 412 என்று பதில் தந்து மறுத்துவிடும். முரண் கண்டுபிடிக்கப்பட்டது, யாருடைய கடிகாரத்தையும் யாரும் பார்க்கவில்லை.

2012இல் வந்த இன்னொரு தரம் இதைச் சிக்கனமாக்கியது. 'இந்த இடத்துக்குப் பிறகு என்ன மாறியது?' என்று கைப்பேசி ஓர் அடையாளச் சீட்டைக் காட்டிக் கேட்கும். மாறியவற்றின் முகவரிகளைச் சர்வர் பட்டியலிடும்; அழிந்தவற்றுக்கு நேரே 404 என்று எழுதும். இணையத்தில் காணாமல் போன பக்கங்களுக்கு வரும் அதே எண். பாமின் 'அழிக்கப்பட்டது' பிட் செய்த வேலையை இங்கே 404 செய்கிறது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. ஒரு பிட்டுக்கு ஒரு கூட்டாளியைத்தான் நினைவிருக்கும் என்பது பாமின் குறை. நடுவில் சர்வரை வைத்ததும், எத்தனை கருவிகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் கூட்டாளி ஒருவர்தான். ஆகவே அந்த எளிய பிட் மறுபடி செல்லுபடியாகிறது. இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசியின் தொடர்புத் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தால் 'மாறியது', 'அழிந்தது' என்ற பொருளில் இரண்டு பத்திகள் இருக்கின்றன.

*

இதை வீட்டிலேயே அமைக்கலாம். ரேடிகேல் என்ற கட்டற்ற மென்பொருள் பைத்தானில் எழுதப்பட்ட சிறிய கால்டாவ், கார்டாவ் சர்வர். மடிக்கணினியிலேயே ஓடும். ஒவ்வொரு தொடர்பையும் நிகழ்ச்சியையும் ஒரு கோப்பாக ஒரு கோப்புறையில் வைக்கும். எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கலாம். தொடக்கத்தில் அது சொந்தக் கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும். கைப்பேசிக்குத் திறந்துவிடும் முன் கடவுச்சொல்லும் மறைகுறியாக்கமும் அமைத்தாக வேண்டும். இதில் சோம்பல் கூடாது, ஏனென்றால் உள்ளே இருப்பவை உங்களுடைய எண்கள் மட்டுமல்ல, உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் எண்கள். மடிக்கணினியில் க்னோம் மேசைத்தளம் பயன்படுத்துபவர்களுக்கு எவல்யூஷனின் தரவுச் சேவை, கேடிஈக்காரர்களுக்கு அகோனாடி, மற்றவர்களுக்குத் தண்டர்பேர்ட். எல்லாமே இந்த நெறிமுறைகளைப் பேசும். ஐஃபோனின் அமைப்புகளிலேயே கால்டாவ் கணக்கு சேர்க்கும் இடம் உண்டு. ஆண்ட்ராய்டில் இல்லை, அந்த இடைவெளியை டாவ்எக்ஸ்5 என்ற செயலி நிரப்புகிறது. எஃப்-ட்ராய்டு என்ற கட்டற்ற செயலிக் களஞ்சியத்தில் அது இலவசம்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு தொடர்பும் ஏதாவது ஒரு கணக்குக்குச் சொந்தம். திரையில் எல்லாம் கலந்து ஒரே பட்டியலாகத் தெரிந்தாலும், 'கைப்பேசியில் மட்டும்' என்று சேமித்தவற்றை எந்த ஒத்திசைவும் தொடாது. அவற்றை விகார்டாக ஏற்றுமதி செய்து, புதிய கணக்குக்குள் மீண்டும் இறக்க வேண்டும். இனிச் சேர்ப்பவை எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

*

தொடர்புகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் நாள்காட்டிக்கு உண்டு: காலமே மாறும். 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்கு ஆறரை மணி முன்னதாக நகர்த்தியது. அக்டோபரில் ஆறு மணி ஆக்கியது. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. 2006 ஜனவரியில் கொழும்பில் ஒருவர் 'திங்கள்தோறும் காலை 9 மணிக்குக் கூட்டம்' என்று பதிந்ததாக வைத்துக்கொள்வோம். அதை உலகப் பொது நேரத்தில் மாற்றிச் சேமித்த மென்பொருள் 3 மணி என்று எழுதியிருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு அதே 3 மணி, கொழும்பில் எட்டரை. கூட்டம் 9 மணிக்குத்தான். நாள்காட்டி அரை மணி முன்பே அழைக்கும்.

ஐகேலண்டர் இதற்கு மூன்று வழிகளைத் தருகிறது. உலகப் பொது நேரம். ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்த நேரம். எந்த ஊரும் சாராத மிதக்கும் நேரம். வாராந்தரக் கூட்டத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம்: 'ஆசியா/கொழும்பு, 9 மணி' என்று எழுதிவிட்டால், அந்த ஊரின் அன்றைய விதி என்னவோ அதன்படி கணக்கிடலாம். அந்த விதிகளைத் தொகுக்கும் தரவுத்தளத்தை 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். இன்று ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் கைப்பேசியிலும் அது இருக்கிறது. ஆனால் ஊர்ப்பெயரும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இலங்கையின் நேரம் மாறியிருந்த 1996 முதல் 2006 வரையிலான பத்தாண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடபகுதி அரசின் நேர மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. ஒரே தீவில் இரண்டு கடிகாரங்கள். தரவுத்தளத்தில் கொழும்பு மட்டும்தான்.

*

2013 மார்ச்சில் கூகுள், தன் கால்டாவ் சேவையைச் செப்டம்பர் முதல் தேர்ந்தெடுத்த சில நிறுவனங்களுக்கு மட்டுமே தரப்போவதாக அறிவித்தது. லினக்ஸ் செயலிகளும் சிறு மென்பொருள்களும் ஒரே நாளில் துண்டிக்கப்படும் நிலை. எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் நிறுவனம் முடிவை மாற்றி, கால்டாவைத் தொடர்ந்ததோடு கார்டாவையும் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நல்ல முடிவுதான். ஆனால் மூன்றாவது பிரதியை வைத்திருப்பவரிடமே அதைத் தருவதா வேண்டாமா என்ற அதிகாரமும் இருக்கிறது என்பதை அந்த மூன்று மாதங்கள் காட்டின. திறந்த தரம் கையில் இருந்ததால்தான், வேண்டுமென்றால் வேறு சர்வருக்குப் போய்விடலாம் என்ற வழி பயனருக்கு இருந்தது.

சொந்தச் சர்வர் வைத்திருப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒத்திசைவு காப்புப் பிரதி ஆகாது. கைதவறிக் கைப்பேசியில் நூறு தொடர்புகளை அழித்தால், அந்த அழிப்பு எல்லாக் கருவிகளுக்கும் பழுதின்றிப் போய்ச் சேரும். வீடிர்சிங்கர் என்ற லினக்ஸ் நிரல் இதில் ஒரு நல்ல முன்யோசனையைக் காட்டுகிறது. கடந்த முறை நிறைந்திருந்த பட்டியல் இந்த முறை முற்றிலும் காலியாக இருந்தால், அழித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டாமல் நின்றுவிடும். நீங்கள் வெளிப்படையாக ஆணையிட்டால்தான் மேலே போகும்.

ரேடிகேலில் இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு கட்டளையை இயக்கும்படி அதனிடம் சொல்லலாம். நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் என்ற வரலாற்றுப் பதிவுக் கருவியை அங்கே இணைத்துவிட்டால், கோப்புறையின் ஒவ்வொரு நிலையும் தேதியோடு சேமிக்கப்படும். தொலைந்த தொடர்பின் பழைய கோப்பை அந்த வரலாற்றிலிருந்து எடுத்துக் கோப்புறைக்குள் திரும்ப வைத்தால் போதும். அடுத்த முறை கைப்பேசி வந்து கேட்கும்போது, தன் நினைவில் இல்லாத ஒரு முகவரி சர்வரில் இருப்பதைக் காணும். முன்பு இல்லை, இப்போது இருக்கிறது. ஆகவே புதிது என்று எடுத்துக்கொண்டு இறக்கிவிடும்.